உறைக்குள் ஓர் உறை

கோட்டர்ஸ் தீவு, நியூஃபவுண்ட்லாந்து
5 அக்டோபர் 1987

போஸ்ட்மிஸ்ட்ரஸ் திருமதி டல்சி ஸ்ட்ரிக்லண்ட் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்துக்கான தபால்தலையை உங்களிடமே வாங்கி, உங்கள் கண்ணெதிரே ஒட்டி, உங்கள் கையிலேயே கொடுக்கப்போகிறேன். உறைமேல் உங்கள் பெயரைப் பார்த்தும் நீங்கள் நிமிர மாட்டீர்கள். இரண்டு வருடமாக நிமிரவில்லை, இன்று மட்டும் என்ன? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்காக "நீ, வா, போ" என்று எழுதும் நிலையில் நான் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை மீன் ஆலையில், வேலை முடிந்து என் கத்திகளை இரண்டாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தேன். செல்பி ரோஸ் பின்னாலிருந்து, "பல்ல எண்ணிட்டுத் தூங்கு, மெல்வினா. ராஜா மாதிரி" என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

தூங்கப்போகும் முன் பல்லை எண்ணிப் பார்க்கிற கடல்நாய் ராஜா, என் கதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிறார். அந்தக் கதையை இந்தத் தீவில் ஒரு ஈ காக்கைக்குக்கூட நான் காட்டியதில்லை. காட்டுவேனா? டொரான்டோ பதிப்பகத்திலிருந்து என் கைப்பிரதி முதன்முதலாகத் திரும்பி வந்த அன்று, கவுன்ட்டரில் பதினைந்து பேர் நிற்க, "மெல்லோட புத்தகம் வீட்டுக்கு வந்துடுச்சு" என்று உரக்கச் சொன்னவர் நீங்கள்தானே. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுதும் முப்பத்தெட்டு வயதுக்காரி என்ற பெயரோடு அன்றிலிருந்து நடமாடுகிறேன்.

பிரதியை உறையில் வைத்து, பழுப்பு ஒட்டுத்தாள் சுற்றி, என் கையால் மூடி, உங்கள் கவுன்ட்டரில் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு அது நியூயார்க் பதிப்பகங்களுக்குப் போகிறது. வழியில் அதைத் தொடுகிறவர் இந்தத் தீவில் ஒரே ஒருவர்.

ஒரே கேள்வி. என் பார்சலைப் பிரித்தீர்களா?

பதில் வராவிட்டால் செயின்ட் ஜான்ஸில் உள்ள உங்கள் மேலதிகாரிக்கு எழுதுவேன்.

மெல்வினா கீப்பிங்
பெட்டி எண் 31


7 அக்டோபர் 1987

மெல்,

ஐந்து நிமிடம் நடந்தால் உன் வீட்டுக் கதவு. இருந்தாலும் இதற்கு ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன், முத்திரையும் குத்தியிருக்கிறேன். போஸ்ட்மிஸ்ட்ரஸ் ஓசியில் கடிதம் போட்டாள் என்று அதையும் மேலே எழுதிவிடுவாய்.

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நான்கு வயதில் என் முதுகைவிட்டு இறங்காதவள் நீ. இருக்கட்டும், எனக்கு அது வராது.

செல்பி எதை எங்கே கேட்டான் என்று செல்பியைக் கேள். படகு வராத நாளில் இங்கே வந்து அடுப்போரம் உட்கார்கிறவர்கள் என்னென்னவோ பேசுகிறார்கள். எல்லோர் வாய்க்கும் நான் காவல் இல்லை.

நானும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு தொகுதி ஸ்டாம்பு வாங்குகிறாய். ஒன்று பார்சலுக்கு மேலே. இன்னொன்று, அவர்கள் திருப்பி அனுப்புவதற்காக உள்ளே மடித்து வைக்கிற உறைக்கு. அந்த உள் உறையில் ஒட்டுகிறாயே, அதில் யார் முகம் இருக்கிறது என்று ஒருநாளாவது உற்றுப் பார்த்தாயா?

மேலதிகாரியின் விலாசம் கவுன்ட்டருக்கு இடதுபுறம், தகவல் பலகையில் இருக்கிறது. எழுத்து சின்னது, கண்ணாடி கொண்டு வா.

டல்சி


12 அக்டோபர் 1987

திருமதி ஸ்ட்ரிக்லண்ட்,

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பிரிக்கவில்லை என்று ஒரு வார்த்தை எழுத உங்கள் கை வரவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஸ்டாம்பில் யார் முகமாம். ராணி முகம். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று குத்திக் காட்டுவதற்கு இது ஒரு வழியா? நன்றி.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். ஏப்ரலில் நியூயார்க்குக்கு அனுப்பிய பிரதியில், நாற்பதாம் பக்கத்துக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன். ஆகஸ்டில் பிரதி திரும்பி வந்தபோது நூல் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது.

நியூயார்க்கில் படித்திருப்பார்கள் என்று சொல்லப்போகிறீர்கள். மூன்று வரி அச்சடித்த மறுப்புச் சீட்டு வைத்து அனுப்புகிறவர்கள் நாற்பதாம் பக்கம் வரை வர மாட்டார்கள். அந்த அளவுக்கு இந்தத் தொழில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் அவர்கள் மனிதர்கள். என் உள் உறையில் நான் ஒட்டிய ஸ்டாம்புக்கு மேலேயே தங்கள் நாட்டு ஸ்டாம்பை ஒட்டி அனுப்பியிருந்தார்கள், சொந்தச் செலவில். முகம் தெரியாத ஒருத்திக்கு அந்தப் பெருந்தன்மை. கூடப்பிறந்தவளோ பிரித்துப் படித்து ஊருக்குப் பரப்புகிறாள்.

செயின்ட் ஜான்ஸுக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதையும் உங்கள் கையில்தான் தருகிறேன், வேறு வழியில்லை. அது போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிறேன்.

மெ. கீ.


20 அக்டோபர் 1987

மெல்,

புகார்க் கடிதம் போய்விட்டது. உறை கனமாக இருந்தது, நிறைய எழுதியிருக்கிறாய். முத்திரை குத்தி, பையில் போட்டு, பை வாயைக் கட்டி, படகில் ஏற்றினேன். வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. நீ நம்ப மாட்டாய்.

இதை எழுதுவது அதற்காக இல்லை. வியாழக்கிழமைப் படகில் உனக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. உன் பழுப்பு உறை இல்லை. உன் கையெழுத்தும் இல்லை. அவர்களுடைய சொந்த உறை, நீளமானது, ஒல்லியானது, மூலையில் பதிப்பகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. ஐந்து நாளாகப் பெட்டியில் கிடக்கிறது. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் நீ வரவில்லை போலிருக்கிறது.

கையெழுத்துப் போட வேண்டிய தபால் இல்லை என்பதால் வீடு தேடி அனுப்ப எனக்கு விதி இல்லை. இந்தக் கடிதத்தை உன் கதவுக்கடியில் நானே தள்ளிவிட்டுப் போகிறேன். இதற்கும் விதி இல்லை.

சீக்கிரம் வா.

டல்சி


22 அக்டோபர் 1987

டல்சி,

எடுத்துவிட்டேன். நீ அப்போது பின்னறையில் இருந்தாய். வேண்டுமென்றேதான் இருந்தாய்.

அவர்கள் என் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய் நின்றேன். சொல்வதற்கு ஆளில்லை, உன்னிடம் சொல்கிறேன், பார். ஆகஸ்டில் திரும்பி வந்ததை உடனே வேறொரு நியூயார்க் பதிப்பகத்துக்கு அனுப்பினேனே, அங்கே ஐடா ஹார்னிக் என்று ஒரு எடிட்டர். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார், அதில் ஒன்றரைப் பக்கம் குறை. முதல் மூன்று அத்தியாயத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறார். ராஜா முதல் பக்கத்திலேயே வந்தாக வேண்டுமாம். தலைப்பு சரியில்லையாம். என்னை வேண்டும் என்கிறார்களா, வேறு யாரையாவது தேடுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கடைசியில் தெளிவாக எழுதியிருக்கிறார்: திருத்தித் தந்தால் வெளியிடுகிறோம், ஒப்பந்தம் தனியாக வரும்.

அந்தக் கடிதத்தின் ஒரு பத்தியை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"வெளிநாட்டிலிருந்து வரும் பிரதிகளோடு எங்கள் நாட்டு ஸ்டாம்போ, சர்வதேச பதில் கூப்பனோ இல்லாவிட்டால் படிக்காமலே ஒதுக்கிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். உங்கள் நாட்டு ஸ்டாம்பை இங்கே எந்தத் தபால் நிலையத்திலும் ஏற்க மாட்டார்கள் என்பதை உங்கள் ஊர் எழுத்தாளர்களில் பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கவனமாகக் கூப்பன்கள் வைத்திருந்தீர்கள். அதனால்தான் உங்கள் ராஜா என் மேசைவரை வந்தார்."

டல்சி, நான் கூப்பன் எதுவும் வைக்கவில்லை. கூப்பன் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆக, பிரித்தாய். என்னிடம் இப்போது சாட்சியம் இருக்கிறது, நியூயார்க் பதிப்பகத்தின் தாளில், கையெழுத்தோடு. நவம்பர் நான்காம் தேதிப் படகில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செயின்ட் ஜான்ஸிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அவரிடம் இதைக் காட்டுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்காகச் செய்தாய்? எனக்கு உதவவா, இல்லை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு சாக்கா? அவர் வருவதற்கு முன் உண்மையைச் சொல். முழுதாகச் சொல்.

மெல்


26 அக்டோபர் 1987

மெல்,

முழுதாகவே சொல்கிறேன். இந்தத் தாளையும் இன்ஸ்பெக்டரிடம் காட்டிக்கொள்.

நியூயார்க்குக்கு நீ அனுப்பிய முதல் பார்சலை நான் பிரிக்கவில்லை. உள் உறைக்கும் நம் ஊர் ஸ்டாம்பே வாங்கினாய். அது அங்கே செல்லாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ என்னோடு பேசாதபோது நான் ஏன் பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். அந்தப் பிரதி திரும்பி வரவே இல்லை, உனக்கு நினைவிருக்கும். ஏழு மாதம், ஒவ்வொரு படகுக்கும் வந்து நின்றாய். நான் "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்பன் காப்பியை வைத்துக்கொண்டு இருநூற்றுச் சொச்சம் பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்தாய். ரொட்டி வாங்கக்கூட வெளியே வராமல் தட்டினாய் என்று ஊரே சொன்னது. அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

அடுத்த பார்சலைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். எந்த நாட்டுத் தபால் நிலையத்திலும் கொடுத்து அந்த ஊர் ஸ்டாம்பாக மாற்றிக்கொள்கிற கூப்பன்களை என் காசில் வாங்கி, உள் உறையோடு ஊசி குத்தி வைத்தேன். பதில் சொல்லி அனுப்புகிற அளவுக்கு மட்டும் என்று நினைத்தேன். மூடத்தான் போனேன். முதல் பக்கம் கண்ணில் பட்டது.

படித்தேன். மூன்று நாள் மூடுபனி, படகு வரவில்லை, பார்சல் என்னிடமே இருந்தது. பென்ஷன் செக்குக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லை எண்ணுகிற ராஜாவைப் பற்றி இரண்டு வரி சொன்னேன், பொழுது போகட்டும் என்று. செல்பி, "அப்புறம்?" என்றான். அவ்வளவுதான், மெல். அதற்குப் பிறகு உன் பார்சல் வந்தாலே பனி இறங்காதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அன்று சிரித்த அதே ஆட்கள்தான். உன் நூல் என் மடியில் விழுந்தது, எந்தப் பக்கம் என்று தெரியாமல் குத்துமதிப்பாக வைத்தேன்.

கூப்பன் வைத்தது உனக்காக. படித்தது எனக்காக. ஊருக்குச் சொன்னது தப்பு. அன்று கவுன்ட்டரில் உரக்கச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. ராஜாவின் கோட்டை வாசலில் ஒரு கிழவி வருகிறாளே, கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு வருகிறவர்களின் மூட்டையை எல்லாம் எண்ணி, யாரையும் உள்ளே விடாதவள். நான் ஸ்டாம்பு கிழிக்கும் விதம் எனக்குத் தெரியும். அவளைப் படித்தபோது மற்றவர்களுக்கு அந்த இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன்.

பொய் சொல்லச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். என் சாவியை வாங்கினால் வேறு ஆளைப் போட மாட்டார்கள். இந்த மாதிரிச் சின்ன நிலையங்களை மூட ஒரு காரணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். பிறகு செக்குக்கும் கடிதத்துக்கும் எல்லோரும் படகேறி அக்கரை போக வேண்டும். உன் நியூயார்க் கடிதமும் அங்கேதான் வரும்.

டல்சி


5 நவம்பர் 1987

டல்சி,

சர்ச் கூடத்தில் இன்ஸ்பெக்டரும் நானும் கதவை மூடிக்கொண்டு என்ன பேசினோம் என்று நீ யோசித்துக்கொண்டே இருந்திருப்பாய். சொல்கிறேன்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். உன் கடிதமும் ஹார்னிக் கடிதமும் கோட்டுப் பையில் இருந்தன. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், கடலில் வாந்தியெடுத்து வெளுத்துப்போயிருந்தார். முதலில் ஒரு சந்தேகம் கேட்டேன். பார்சலைப் பிரித்து எதையும் எடுக்காமல், உள்ளே எதையாவது வைத்தால் அதுவும் குற்றமா என்று. அவர் யோசிக்கவே இல்லை. "எடுத்தாலும் போட்டாலும் தொறந்தது தொறந்ததுதாம்மா. அன்னிக்கே வேல போயிடும்" என்றார்.

அப்போது எனக்கு அந்த ஏழு மாதம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் "ஒண்ணுமில்ல" என்று சொல்வாயே, என் முகத்தைப் பார்க்காமல். அகம்பாவம் என்று நினைத்திருந்தேன்.

கூப்பன் நான் வைத்தது என்றேன். நூல் நியூயார்க்கில் இடம் மாறியிருக்கும், அங்கே படிப்பார்கள்தானே என்றேன். செல்பிக்குக் கதையை நானே என்றைக்கோ சொல்லி மறந்திருப்பேன் என்றேன். அப்படியானால் ஆறு பக்கத்துக்குப் புகார் எதற்கு என்று கேட்டார். "நானும் அவளும் அக்கா தங்கச்சி. ரெண்டு வருஷமா பேசறதில்ல" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "அது எங்க இலாகா இல்லம்மா" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என் புத்தகத்தை நான் கொடுப்பதற்கு முன் நீ எடுத்துக்கொண்டாய். அது ஒரு தடவைதான் நடக்கும், எனக்கு அது போய்விட்டது. இன்னும் எதையெல்லாம் பிரித்தாய் என்று யோசிக்காமல் உன் கவுன்ட்டருக்கு வர எனக்கு எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது.

ஒரு விஷயம். பன்னிரண்டு பேரில் யாராவது, எங்கேயாவது, "இது நீளம்" என்று சொன்னார்களா? ஹார்னிக் முதல் மூன்று அத்தியாயத்தை வெட்டச் சொல்கிறார். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மெல்


7 நவம்பர் 1987

மெல்,

இரண்டாம் அத்தியாயத்தில் செல்பி எழுந்து விறகு எடுக்கப் போனான். மூன்றாவதில் மூன்று பேர் தூங்கினார்கள். ராஜா வந்த பிறகு ஒருவரும் அசையவில்லை. அந்த அம்மாள் சொல்வது சரி.

இன்ஸ்பெக்டர் விஷயத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன்.

டல்சி


14 ஜூன் 1988

டல்சி,

மூன்று அத்தியாயமும் போயிற்று. மூன்று தடவை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பார்சலைக் கொடுக்கும்போது ஒட்டுத்தாளில் என் பெயரெழுத்தைக் குறுக்கே போட்டிருந்ததை நீ பார்த்திருப்பாய். மூன்று தடவையும் எழுத்து நகராமல் போய்ச் சேர்ந்ததா என்று ஹார்னிக்கிடம் கேட்டேன். சேர்ந்ததாம். கேட்டதற்கு இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம்தான்.

அட்டைப்படத்தின் மாதிரி வந்திருக்கிறது. அதைப் பார்த்து எனக்கு ஜுரமே வந்துவிட்டது. கடல்நாய் ராஜாவுக்குக் காது வைத்திருக்கிறார்கள்! நாய்க்குட்டிக் காது மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. நம் பாறைகளில் கிடக்கிற எந்தக் கடல்நாய்க்குக் காது வெளியே தெரிகிறது? படம் போட்டவர் மிருகக்காட்சி சாலையில் வேறு எதையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இது இந்தத் தீவுக்கு வந்தால் மறுபடியும் சிரிப்பார்கள். மாற்றச் சொல்லி எழுதினேன். எழுதினேன் என்பதற்காக ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

ஹார்னிக் வாசல்காரியைப் பற்றியும் கேட்டார். ஒருத்தி அத்தனை வருடம் வாசலிலேயே நிற்கிறாள் என்றால் வெறும் பொல்லாதவளாக மட்டும் இருப்பாளா என்று. எனக்குக் கோபம் வந்தது. நீ அவருக்குத் தனியாக எழுதினாயோ என்றுகூட நினைத்தேன். பிறகு உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை முழுக்க மாற்றினேன். என்ன செய்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தடவை நீயும் மற்றவர்களைப் போலக் காத்திருந்துதான் படிக்க வேண்டும்.

மெல்


16 ஜூன் 1988

மெல்,

அந்த அம்மாளுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தால் கிழவியைக் கொஞ்சம் இளமையாக்கச் சொல்லியிருப்பேன்.

காது விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. செல்பியிடம் பாறைமேல் எடுத்த போட்டோ நான்கு இருக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. உறையில் போட்டு, ஒட்டாமல் உன் பெட்டியில் வைக்கிறேன். நீயே ஒட்டிக்கொள்.

டல்சி


11 ஏப்ரல் 1989

மெல்,

நேற்றுப் படகில் உனக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. நியூயார்க்கிலிருந்து, அட்டைப்பெட்டி, நான்கு பக்கமும் நாடா. தராசில் வைத்தேன். எடை பார்ப்பது என் வேலை, அது பிரிப்பது ஆகாது. பத்துப் புத்தகம் இருக்கும் என்று கணக்கு.

நேற்றிலிருந்து கவுன்ட்டரில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. உள்ளே ராஜாவுக்குக் காது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வாசலில் நிற்கிறவளை நீ என்ன செய்தாய் என்றும் தெரியாது. நேற்றெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கெட்டில் அடுப்பில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. டீ மட்டும்தான் போட்டேன்.

இன்றைக்கு மறுபடி மூடுபனி. படகு வராது என்று தெரிந்தும் பதினான்கு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருக்கிறார்கள். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டியதை அவர்களிடம் சொல்லிவிட்டேன், அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள். கவுன்ட்டர் கம்பிக்குப் பின்னால் எழுந்து நின்று, அன்று சொன்ன அதே குரலில் சொன்னேன்.

"மெல்லோட புத்தகம் வீட்டுக்கு வந்துடுச்சு."

ஒருத்தரும் சிரிக்கல, மெல். செல்பி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

கத்தியை எடுத்துக்கொண்டு வா. நீ வந்து பிரிக்கிற வரைக்கும் நான் அதைத் தொட மாட்டேன்.

உன் அக்கா